கீழ்வீட்டிலிருந்து வந்த பாற்சோறு

லண்டனின் எட்மண்டனில் ஒரு கோழிப் பொரியல் கடைக்கு மேலே நாங்கள் குடியிருந்தோம். முதல் மாடியில் அன்ரி வீடு, அதற்கு மேல் எங்கள் வீடு, ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. ஆகவே எங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், அப்பா எத்தனை மணிக்கு வேலைக்கு ஓடினார், நான் எதற்காகக் குட்டு வாங்கினேன் என்பதெல்லாம் அன்ரிக்குத் தெரியும். அன்ரி வீட்டில் இன்றைக்கு மீனா கருவாடா என்பது எங்களுக்குத் தெரியும். ஒன்றையும் ஒளிக்க முடியாத வீடுகள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒளிக்க வேண்டியதைப் பெரியவர்கள் நன்றாகவே ஒளித்து வைத்திருந்தார்கள்.

அன்ரி என்று நான் கூப்பிட்டாலும் அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. கல்யாணமாகி லண்டனுக்கு வந்து அதிக காலமாகாத இளம் பெண். கணவருக்கு ஹோட்டலில் இரவு வேலை. பகல் முழுவதும் அவர் தூங்குவார், அன்ரி சத்தம் போடாமல் சமைத்துக்கொண்டிருப்பார். அம்மா முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை செய்ததால் பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கூட்டி வருவது அன்ரியின் பொறுப்பாகிவிட்டது. யாரும் கேட்டுக் கொடுத்த பொறுப்பு அல்ல. ஒரு நாள் மழையில் நான் பள்ளிக்கூட வாசலில் நின்றதைப் பார்த்துக் கூட்டி வந்தார், அதன் பிறகு தினமும் கூட்டி வந்தார்.

அவர் சிங்களவர் என்பது எனக்கு வெகுகாலம் பிடிபடவில்லை. அவர்தான் தமிழ் பேசினாரே! நீர்கொழும்புக்கு வடக்கே கடலோரத்தில் பிறந்தவர். அந்தக் கரையில் தாய்மார் வீட்டில் தமிழ் பேசுவார்களாம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பார்களாம், மாதா கோயிலில் இரண்டிலும் பாடுவார்களாம், யாராவது கேட்டால் சிங்களவர் என்று சொல்வார்களாம். நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். யாராவது கேட்டால் தமிழர் என்று சொல்வோம். அன்ரியின் தமிழில் நானும் நீயும் அவனும் ஒரே மாதிரித்தான் வருவோம், போவோம். "நான் வாற, நீ வாற, அவன் வாற" என்று ஒரே சொல்லில் எல்லோரையும் அடக்கிவிடுவார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் இலக்கணத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு இது பெரிய சலுகையாகப் பட்டது. அதை வீட்டில் பேசிப் பார்த்தபோது அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஒருமுறை எங்கள் நாட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார். அங்கே தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலாய்க்காரர், பறங்கியர் என்று பல பேர் இருக்கிறார்கள், எல்லோருக்கும் வேறு வேறு பெருநாள், எல்லாப் பெருநாளுக்கும் பலகாரம் உண்டு என்று சொன்னேன். அன்ரி சொல்லித் தந்ததைத்தான் ஒப்புவித்தேன். அவ்வளவு சின்னத் தீவுக்குள் இத்தனை பலகாரமா என்று வகுப்பே வாயைப் பிளந்தது. அப்படி ஓர் இடத்தை விட்டுவிட்டு உன் பெற்றோர் ஏன் இங்கே வந்தார்கள் என்று ஒரு பையன் கேட்டான். குளிர் பிடிக்கும் என்பதால் என்று சொன்னேன். எனக்கு வேறு காரணம் தெரியாது.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே தட்டுகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். எடுத்துப் போகிற வேலை எனக்கு. கீழேயிருந்து மீன் வரும், மேலேயிருந்து கொழுக்கட்டை போகும். இதில் அம்மாவுக்குக் கறாரான ஒரு முறை உண்டு. ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு வந்த தட்டை வெறும் தட்டாகத் திருப்பக் கூடாது. ஒரு வாழைப்பழம், ஒரு துண்டு கேக், ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வெறும் தட்டைத் திருப்பினால் இனி உங்கள் உறவு வேண்டாம் என்று சொன்ன மாதிரி. அன்ரி வீட்டிலும் அதே வழக்கம் என்பதால் எந்தத் தட்டு யாருடையது என்பதே கடைசியில் மறந்து போயிற்று.

2009ஆம் வருடம் பிறந்த குளிர் காலத்தில் மாமாவின் தொலைபேசி நின்றது. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. வன்னியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். நான் அவரை நேரில் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் அவர் அங்கிருந்து தொலைபேசி எடுப்பார். அம்மாவோடு கதைத்து முடிந்ததும் என்னைக் கூப்பிடுவார். எப்போதும் ஒரே கேள்விதான்: "என்ன சாப்பிட்டனீங்கள், பிள்ளை?" நான் பீட்சா என்பேன். அது என்ன சாமான், சைக்கிள் மாதிரி அதுக்கும் சில்லு உண்டோ என்று கேட்பார். ஒவ்வொரு வாரமும் கேட்பார், ஒவ்வொரு வாரமும் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். பிறகு ஒரு ஞாயிறு எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. அம்மா சமைக்கும்போதும் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு சமைத்தார்.

சண்டை நெருங்கிவிட்டது, சனம் கடற்கரைப் பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது என்று பெரியவர்கள் கதைத்தார்கள். லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் தமிழர்கள் கூடி நின்று போரை நிறுத்தச் சொல்லிக் கேட்டார்கள். அப்பாவும் அம்மாவும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் திரும்பும்வரை நான் அன்ரி வீட்டில் இருந்தேன். எங்கே போகிறோம் என்று அம்மா அன்ரியிடம் சொன்னதில்லை. எங்கே போனீர்கள் என்று அன்ரி கேட்டதில்லை. அம்மா திரும்பி வரும்போது கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும். அன்ரி கொத்தமல்லி அவித்து, இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு போத்தலில் ஊற்றி வைத்திருப்பார். "குடிங்க அக்கா, தொண்டைக்கு நல்ல." அம்மா வாங்கிக் குடித்துவிட்டு மறுநாள் அதே தொண்டையோடு மறுபடியும் போவார்.

அன்ரிக்கும் ஒரு தம்பி இருந்தார். அரசாங்க வேலை என்று சொல்லியிருந்தார். அதற்கு மேல் அம்மா கேட்கவில்லை. அன்ரியின் சுவரில் மன்னாரின் மடு மாதா படம் ஒன்று இருந்தது. அந்தப் படத்தின் கீழே அந்த வருடம் மெழுகுதிரி அணையவே இல்லை. எங்கள் வீட்டிலும் அதே படம், அதே மாதிரித் திரி. கீழே ஒன்று, மேலே ஒன்று. மாதா இரண்டு வீட்டையும் எப்படிச் சமாளித்தார் என்று தெரியவில்லை.

மே மாதம் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் நின்ற அன்ரியின் முகம் வேறு மாதிரி இருந்தது. அழுது வீங்கிய கண், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். வழியில் என் கையை விடவே இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் தேங்காய்ப்பால் வாசம். பெரிய தாம்பாளத்தில் பாற்சோறு பரப்பி, ஆறியதும் கத்தியால் சாய்சதுரத் துண்டுகளாக வெட்டினார். அவர்கள் அதைக் கிரிபத் என்பார்கள். புது வருடம், பிறந்த நாள், மாதப் பிறப்பு, எந்த நல்ல காரியத்துக்கும் அது வேண்டும். எனக்கு ஒரு துண்டு, மிளகாய்ச் சம்பல் படாமல், வாழைப்பழத்தோடு தந்தார். பிறகு நல்ல தட்டாகப் பார்த்து எடுத்து, துண்டுகளை ஒழுங்காக அடுக்கி, என் கையில் வைத்தார்.

"அம்மாட்ட குடு. பிறகு நான் வாற" என்றார்.

நான் படியேறினேன். அன்று வேலை நாள், ஆனால் அப்பாவும் அம்மாவும் வீட்டில் இருந்தார்கள். கணினிக்கு முன்னால் அப்பா உட்கார்ந்திருந்தார், அவருக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தார். திரையில் ஏதோ தெரு. ஆட்கள் கொடியோடு ஆடினார்கள், வெடி கொளுத்தினார்கள். போர் முடிந்துவிட்டது, அரசாங்கம் வென்றுவிட்டது என்ற செய்தி. ஒரு பெண் பெரிய தாம்பாளத்தை ஏந்திப் போகிறவர் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சோறு, சாய்சதுரத் துண்டுகள். நான் அதைப் பார்த்துவிட்டு உற்சாகமாகக் கத்தினேன்.

"அம்மா, இஞ்ச பாருங்கோ! எங்களுக்கும் வந்திருக்கு!"

அம்மா திரும்பினார். தட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். அப்பா எழுந்து கணினியை மூடினார். அம்மா தட்டை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார். கீழே விழுந்த ஒரு சோற்றுப் பருக்கையைக் கூடப் பொறுக்கி எடுக்கிற அம்மா அவ்வளவு சோற்றையும் குப்பை வாளிக்குள் தள்ளினார். தட்டைக் கழுவினார். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினார். துடைத்து என்னிடம் நீட்டினார்.

"கொண்டுபோய்க் குடு."

"ஒண்டும் வைக்கேல்லையே அம்மா?"

"குடு எண்டனான்."

அம்மாவின் குரலில் அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தட்டோடு படியில் இறங்கினேன். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. அன்ரி வீட்டில் போய் வெறும் தட்டை எப்படி நீட்டுவது? நானும்தான் அந்தச் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறேன்! மரியாதை தெரியாத குடும்பம் என்று நினைக்க மாட்டாரா? அம்மாவுக்குத் தலையிடி, மறந்துவிட்டார் என்று நானே முடிவு செய்தேன். என் பள்ளிப் பைக்குள் மத்தியானம் சாப்பிடாமல் விட்ட ஒரு தோடம்பழம், அதுதான் ஆரஞ்சு, கிடந்தது. பை அன்ரி வீட்டு வாசலுக்குப் பக்கத்தில், படியில்தான் இருந்தது. பழத்தை எடுத்துச் சட்டையில் துடைத்துத் தட்டின் நடுவில் வைத்தேன். கதவைத் தட்ட வேண்டியிருக்கவில்லை, திறந்துதான் இருந்தது.

"அம்மா தந்தவ" என்றேன்.

அன்ரி அந்தத் தோடம்பழத்தைப் பார்த்தபடியே நின்றார். பிறகு அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழத் தொடங்கினார். ஒரு தோடம்பழத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எனக்கு விளங்கவில்லை. நான் மேலே ஓடிவிட்டேன்.

பொழுது சாயும் நேரம் அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். கோயிலுக்குப் போடுகிற முக்காடு தலையில் இருந்தது. அம்மா கதவைத் திறந்தார், ஆனால் வழி விடவில்லை. வழக்கமாக "வாங்கோ தங்கச்சி" என்பார். அன்று அந்தச் சொல் வரவில்லை.

"நீங்க தோடம்பழம் வச்சு அனுப்பின அக்கா. அப்பவே எனக்குத் தெரிஞ்ச, அக்கா கோவிக்க மாட்ட எண்டு" என்றார் அன்ரி.

அம்மா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சோபாவுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டேன். அடி விழப்போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் அம்மா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கதவிலிருந்து கையை எடுத்தார். அன்ரி உள்ளே வந்தார்.

"தம்பி பேசின அக்கா. உசிரோட இரிக்கிற. மூணு மாசமா ஒரு கதையும் இல்ல. செத்துப் போச்செண்டுதான் அம்மா அழுத. இண்டைக்குப் பேசின. அதுக்குத்தான் மாதாவுக்கு நேந்த சோறு. வேற ஒண்டுக்கும் இல்ல. மாதா ஆணை, வேற ஒண்டுக்கும் இல்ல."

"எங்க நிக்கிறார்?" என்று அம்மா கேட்டார்.

அன்ரி தரையைப் பார்த்தார். "முல்லைத்தீவுப் பக்கம்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "தம்பி ஆமி" என்றார். அரசாங்க வேலை என்று சொன்னது ராணுவத்தைத்தான்.

அப்பா எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கீழே பஸ் ஒன்று நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அன்ரி போகத் திரும்பினார். அம்மா "நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் மாமாவின் படம் இருந்தது. யாரோ நண்பனின் கல்யாண வீட்டில் எடுத்தது. புதுச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கமராவைப் பார்த்து அடக்க முடியாத சிரிப்பு.

"இவன்தான் என்ர தம்பி" என்றார் அம்மா. "உங்கட தம்பியிட்டக் கேளுங்கோ. சனத்தை பஸ்ஸில ஏத்தேக்க, கம்பி வேலி போட்ட முகாமுக்குள்ள விடேக்க, எங்கயாவது இவனைக் கண்டவரோ எண்டு கேளுங்கோ. ஒருக்காக் கேட்டால் போதும். எங்கட ஆக்கள் ஒருத்தராலயும் அங்க போகேலாது. நான் வேற யாரிட்டக் கேக்கிறது?"

சில மணி நேரத்துக்கு முன் அந்தக் கையால்தான் சோற்றைக் குப்பையில் கொட்டினார். அதே கையால் இப்போது படத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அம்மாவை நான் அப்படி யாரிடமும் கெஞ்சிக் கண்டதில்லை, அதற்குப் பிறகும் கண்டதில்லை. அன்ரி இரண்டு கையாலும் படத்தை வாங்கினார். "நான் கேக்கிற அக்கா" என்றார்.

கேட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். படத்தை ஊருக்கு அனுப்பினார், தம்பியிடம் கொடுக்க வைத்தார். சில வாரங்கள் கழித்துப் படிக்கட்டில் அம்மாவை நிறுத்தி, காணவில்லையாம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். தம்பி உண்மையிலேயே காணவில்லையா, கண்டதைச் சொல்லவில்லையா, சொன்னதை அன்ரி எங்களுக்குச் சொல்லவில்லையா என்று அம்மா இன்றுவரை யோசிக்கிறார். நானும் யோசிக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் சண்டை வரவில்லை. தட்டுகள் மட்டும் குறைந்தன. அடுத்த வருடம் அவர்கள் லண்டனின் வேறு பக்கத்துக்குக் குடிபோனார்கள். மாமா எங்கள் குடும்பத்தில் இன்னமும் காணாமற் போனவர்தான். அவருடைய பிறந்த நாளுக்கு அம்மா பூசை ஒப்புக்கொடுப்பார். இறந்தவருக்கா, உயிரோடு இருப்பவருக்கா என்று பூசை வைக்கும் சுவாமி கேட்பார். பெயரை மட்டும் வாசியுங்கோ சுவாமி என்பார் அம்மா. இப்போதெல்லாம் கோயிலுக்குப் போய் அதைச் சொல்வது நான்தான்.

அன்று மாலைக்குத் திரும்பி வருகிறேன். அன்ரி படத்தைப் பிடித்தபடி போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். மே மாதம் மாதாவுக்குரிய மாதம், எங்கள் வீட்டில் தினமும் செபமாலை. ஜன்னல் பக்கம் நின்ற அப்பா திரும்பாமலே, "செபம் சொல்லப் போறம்" என்றார். அது போய்விடுங்கள் என்ற அர்த்தமா, இருங்கள் என்ற அர்த்தமா என்று இன்று கேட்டாலும் அப்பா சொல்ல மாட்டார். அன்ரி முழந்தாளிட்டார். அப்பாவும் வந்து முழந்தாளிட்டார். அன்ரிக்குத் தன் தாயிடமிருந்து கிடைத்த செபங்கள் எல்லாம் தமிழில்தான் தெரியும். நாங்கள் பாதி சொல்ல மீதியை அவர் சொன்னார்.

செபமாலை முடிந்ததும் கடைசி மன்றாட்டை வீட்டில் சின்னவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். அன்று எனக்குச் சொல்வதற்குப் பெரிய விஷயம் இருந்தது. மாமா அங்கே இருக்கிறார். அன்ரியின் தம்பியும் அங்கேதான் இருக்கிறார். அது சின்ன நாடு என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். இத்தனை நாளாக மாமாவுக்கு உதவி செய்ய அங்கே நமக்குத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லையே என்று அழுதுகொண்டிருந்தோம். இதோ, கையில் துப்பாக்கியோடு நம்முடைய ஆள் ஒருவர் அந்த இடத்திலேயே நின்றிருக்கிறார். இதைவிட அதிர்ஷ்டம் உண்டா? இது தெரிந்த பிறகும் பெரியவர்கள் ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"மாதாவே, அன்ரியின்ர தம்பியும் எங்கட மாமாவும் அங்க ஒராளை ஒராள் சந்திச்சிருக்க வேணும்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரி முகத்தை முக்காட்டுக்குள் புதைத்திருந்தார். அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். மெதுவாகச் சொன்னதால் அவர்களுக்குக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, அதே மன்றாட்டை மறுபடியும், இன்னும் உரத்துச் சொன்னேன்.